'குட்'னா நல்லதுன்னு அர்த்தம் இல்லை: பழைய புத்தகத்துக்குக் கண்டிஷன் பார்ப்பது எப்படி?

இந்த எபிசோடைத் தொப்பூர்ல இருந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல 'உஸ்ஸ்'னு ஒரு சத்தம் கேட்டா மைக் பிரச்சினைன்னு நினைச்சுடாதீங்க. அது கணவாய் இறங்கி வர்ற லாரியோட ஏர் பிரேக். என்எச் 44 பக்கத்துல உட்கார்ந்து பாட்காஸ்ட் பண்ணா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

அந்த லாரியில இருந்தே ஆரம்பிக்கலாம். 'கண்டிஷன்'ங்கிற வார்த்தையை இந்தப் பக்கம் வளர்றவங்க முதல்ல கேட்கிறது லாரியைப் பத்தித்தான். எஃப்சிக்குப் போறதுக்கு முன்னாடி வண்டிக்குப் புதுசா பெயின்ட் அடிச்சு, பின்னாடி பூவெல்லாம் வரைஞ்சு நிறுத்துவாங்க. பார்க்க ஷோரூம் வண்டி மாதிரி இருக்கும். ஆனா செகண்ட் ஹேண்ட்ல லாரி வாங்க வர்ற ஆள் அந்தப் பெயின்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நேரா கீழே குனிஞ்சு சேஸிஸைப் பார்ப்பார், எங்கேயாவது வெல்டிங் வெச்சிருக்கான்னு. அடுத்து பிரேக். ஏன்னா அந்த வண்டி நாளைக்கு லோடு ஏத்திக்கிட்டு இந்தக் கணவாய்ல இறங்கணும். இறங்குமா, இறங்காதாங்கிறதுதான் கேள்வி.

பழைய புத்தகம் வாங்குறப்போ மட்டும் நாம பெரும்பாலும் பெயின்ட்டைத்தான் பார்க்கிறோம்.

மூர் மார்க்கெட் இருந்த காலத்துல புத்தகத்தைக் கையில எடுத்து, புரட்டி, மோந்து பார்த்து, பேரம் பேசி வாங்கினாங்க. அது 1985 மே மாசம் எரிஞ்சு போச்சு. சென்னை சென்ட்ரல் பக்கத்துல இருக்கிற புறநகர் ரயில் நிலையம் இன்னைக்கு அந்த இடத்துலதான் இருக்கு. இப்போ நம்ம தலைமுறைக்கு மூர் மார்க்கெட்னா வாட்ஸ்அப் குரூப்பும் ஃபேஸ்புக் குரூப்பும்தான். ரெண்டு போட்டோ, கீழே 'நல்ல கண்டிஷன்'னு ஒரு வரி, ஒரு விலை. "எனக்கு"ன்னு முதல்ல டைப் பண்றவருக்குப் புத்தகம். புரட்டிப் பார்க்க நேரமும் இல்லை, வழியும் இல்லை. அதனாலதான் அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம்னு பேச வேண்டியிருக்கு.

இதுக்கு உலக அளவுல ஒரு அளவுகோல் இருக்கு. அமெரிக்காவுல பழைய புத்தக வியாபாரிகளுக்கான ஒரு பத்திரிகை, 1949-ல சில சொற்களை முன்வெச்சது. புதுசு மாதிரி, ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர். இன்னைக்கும் ஆன்லைன்ல பழைய புத்தகம் விக்கிறவங்க சின்னச் சின்ன மாற்றங்களோட இதைத்தான் பயன்படுத்துறாங்க. இதுல பெரிய காமெடி என்னன்னா, 'குட்'னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. அடிபட்டிருக்கு, தேய்ஞ்சிருக்கு, ஆனா எல்லாப் பக்கமும் இருக்கு, அவ்வளவுதான். ஆறு படி இருக்கிற ஏணியில மேல இருந்து நாலாவது படி அது. வெளிநாட்டு சைட்ல 'குட்'னு பார்த்து ஆர்டர் போட்டுட்டு, முதுகு பிஞ்ச புத்தகம் வந்ததுன்னு ஒன் ஸ்டார் போடுற நம்மாளுங்க நிறைய பேர்.

அந்த ஏணியோட கடைசிப் படியைக் கவனிங்க. 'புவர்'. அட்டை தொங்கலாம், கறை இருக்கலாம், எவ்வளவு கேவலமா வேணும்னாலும் இருக்கலாம். ஆனா படிக்க வேண்டிய எழுத்து முழுசா இருக்கணும். வரைபடமோ படமோ குறைஞ்சா அதைத் தனியா சொல்லணும். அதாவது ஒரு புத்தகம் அந்த ஏணியில கால் வைக்கிறதுக்கே முழுசா இருக்கிறதுதான் தகுதி. அழகெல்லாம் அதுக்கப்புறம். நம்ம குரூப்கள்ல இது அப்படியே தலைகீழா இருக்கு. அட்டை பளிச்சுன்னு இருந்தா 'சூப்பர் கண்டிஷன்'. உள்ளே எட்டுப் பக்கம் இல்லைங்கிறது வாங்கினவர் படிக்கும்போதுதான் தெரியும்.

காமிக்ஸ் உலகம் இன்னும் ஒரு படி மேல போயிடுச்சு. 2000-ல ஆரம்பிச்ச சிஜிசின்னு ஒரு அமெரிக்க கம்பெனி, காமிக்ஸை வாங்கிப் பார்த்து 0.5-ல இருந்து 10 வரைக்கும் மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள சீல் பண்ணித் தர்றாங்க. சூப்பர்மேன் முதன்முதலா வந்த 1938-ஆம் வருஷத்து ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், 8.5 மார்க் வாங்கின ஒரு பிரதி, 2024-ல 60 லட்சம் டாலருக்குப் போச்சு. ஆனா சீல் பண்ணின புத்தகத்தை உடைக்காம படிக்க முடியாது. படிக்கவே முடியாத ஒன்னைப் புத்தகம்னு சொல்லலாமான்னு எனக்கு சந்தேகம்தான், அது இருக்கட்டும். அவங்ககிட்ட எனக்குப் பிடிச்ச விஷயம் ஒன்னு இருக்கு. கலர் தொட்டு, கிழிசல் ஒட்டி, அழகுபடுத்தின பிரதின்னு கண்டுபிடிச்சா ஊதா லேபிள் போட்டுடுவாங்க. விலை சட்டுன்னு இறங்கிடும். பெயின்ட் அடிச்ச லாரியைப் பெயின்ட் அடிச்ச லாரின்னே எழுதி வைக்கிற நேர்மை அது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்த அளவுகோல் எல்லாம் கெட்டி அட்டை, அதுக்கு மேல ஒரு ஜாக்கெட், தையல் பைண்டிங்னு இருக்கிற புத்தகங்களுக்காக வந்தது. தமிழ்ல மக்கள் ஆசை ஆசையா சேர்க்கிறது என்ன? சிவகாசியில இருந்து 1972-ல இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்ச முத்து காமிக்ஸ். 1984-ல வந்த லயன் காமிக்ஸ். 1947-ல தொடங்கின அம்புலிமாமா. மாத நாவல்கள். அப்புறம் பத்திரிகையில வாராவாரம் வந்த தொடர்கதையைக் கிழிச்சுச் சேர்த்து வீட்டுலயே பைண்ட் பண்ணி வெச்ச தொகுப்புகள். ஏறக்குறைய எல்லாமே மலிவுக் காகிதம், ரெண்டு பின், மெல்லிசு அட்டை. படிச்சுட்டுத் தூக்கிப் போடட்டும்னு அடிச்சது. அதை 'ஃபைன்' கண்டிஷன்ல தேடுறதே கொஞ்சம் வேடிக்கையான விஷயம்தான்.

அந்த பைண்டிங் தொகுப்பைப் பத்திக் கொஞ்சம் விரிவா பேசணும். ஏன்னா இந்த எபிசோடுக்குக் காரணமே அதுதான். பொன்னியின் செல்வன் 1950-ல இருந்து 1954 வரைக்கும் கல்கியில தொடரா வந்தப்போ மணியம் படம் வரைஞ்சார். அந்தப் பக்கங்களைக் கிழிச்சு, வரிசையா அடுக்கி, பைண்டர்கிட்ட கொடுத்துத் தச்சு வெச்ச வீடுகள் தமிழ்நாட்டுல எக்கச்சக்கம். அப்படி ஒரு தொகுப்போட பதினோரு போட்டோவை ஒரு நேயர் எனக்கு அனுப்பினார். விக்கிறவர் 'ஆவரேஜ் கண்டிஷன்'னு சொல்றார், சொல்ற விலை என் நேயரோட ஒரு மாச மெஸ் பில். அவங்க பாட்டி படிச்சது இந்த வடிவத்துலதானாம். "வாங்கலாமா அண்ணா?"ன்னு கேட்டிருந்தார்.

அமெரிக்க அளவுகோலை வெச்சுப் பார்த்தா இது புத்தகமே இல்லை. பத்திரிகையைக் கிழிச்ச குப்பை. இதழ் அட்டை இல்லை, ஓரம் வெட்டியிருக்கு, கடைசிப் பக்கத்துக்குப் பின்னாடி வேற யாரோட கட்டுரையோ பாதியில நிக்குது. ஆனா பின்னாடி வந்த பல மலிவுப் பதிப்புகள்ல மணியம் படங்கள் கிடையாது. வாரம் எங்க முடிஞ்சது, வாசகர் எந்த இடத்துல ஏழு நாள் காத்திருந்தார்ங்கிறதும் புத்தகமா படிக்கிறப்போ முழுசா தெரியாது. அதெல்லாம் இந்தக் 'குப்பை'யில இருக்கு. அதனால நான் அவர்கிட்ட அழகைப் பத்திக் கேட்கவே இல்லை. அத்தியாய எண்ணை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரு பேப்பர்ல எழுதி டிக் பண்ணச் சொல்லுங்கன்னேன். அச்சுல வந்திருக்கிற எந்தப் பதிப்பையும் பக்கத்துல வெச்சுக்கிட்டா போதும். பைண்டர் ஓரம் வெட்டினப்போ முதல் வரியோ, படத்தோட ஓரமோ போயிருக்கான்னு பார்க்கச் சொன்னேன். பக்கவாட்டுல துளை போட்டுத் தச்சிருந்தா உள் ஓரத்து எழுத்து தையலுக்குள்ள மாட்டிக்கும், விரிச்சா காகிதம் கிழியும். அதனால நடுப்பக்கத்தை விரிச்சு ஒரு போட்டோ. விக்கிறவர் பொறுமையா எல்லாத்தையும் பார்த்துச் சொன்னார். மூணாம் பாகத்துல தொடர்ந்து நாலு அத்தியாயம் இல்லை. அது அவருக்கே அப்போதான் தெரியும். விலையைப் பாதியாக்கிட்டார், நேயரும் வாங்கிட்டார். அந்த நாலு வாரம் அந்த வீட்டுல யாருக்கு என்ன ஆச்சோ, யார் ஊருக்குப் போனாங்களோ.

முழுசா இருக்கான்னு பார்க்க இன்னொரு வழி, ஃபாரம் கணக்கு. புத்தகத்தைப் பக்கம் பக்கமா அச்சடிக்கிறதில்லை. பெரிய தாள்ல எட்டு, பதினாறுன்னு அடிச்சு மடிக்கிறாங்க. அதனால பக்கம் காணாம போனா பல நேரம் ஒரு ஃபாரமே காணாம போயிருக்கும், இல்லைன்னா ஒரே ஃபாரம் ரெண்டு தடவை இருக்கும். சில பழைய புத்தகங்கள்ல ஒவ்வொரு ஃபாரத்தோட முதல் பக்க அடியில சின்னதா ஒரு எண் போட்டிருப்பாங்க. அதை மட்டும் சரிபார்த்தா 400 பக்கப் புத்தகத்தை ரெண்டு நிமிஷத்துல எண்ணிடலாம். பின் அடிச்ச காமிக்ஸ்ல இன்னும் சுலபம். நடுவுல பின் இருக்கிற இடத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே எண்ணிக்கைப் பக்கம் இருக்கணும். இல்லைன்னா எங்கேயோ ஒரு தாள் உருவப்பட்டிருக்கு.

அடுத்தது, இது முதல் பதிப்புதானா? கண்டிஷனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. மறுபதிப்பு எப்பவுமே அசலை விட நல்ல கண்டிஷன்லதான் இருக்கும். 'அறுபது வருஷப் புத்தகம், புதுசு மாதிரி இருக்கு'ன்னா, அது பல நேரம் அறுபது வருஷப் புத்தகமே இல்லை. இதுல எனக்கு ரொம்ப ஜாலி, ஏன்னா டீபக் பண்ற மாதிரியே இருக்கும். விலை அணாவுல போட்டிருந்தா, அது 1957 ஏப்ரலுக்கு முன்னாடியோ அதை ஒட்டியோ அடிச்சது. அந்த மாசம்தான் தசம நாணயம் வந்தது. 'நயா பைசா'ன்னு இருந்தா 1957-க்கும் 1964-க்கும் நடுவுல. 1964-ல 'நயா'வை எடுத்துட்டாங்க. பதிப்பக முகவரியில ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தா, அது கண்டிப்பா 1972 ஆகஸ்ட்டுக்கு அப்புறம். ஆனா இது ஒரு பக்கம்தான் வேலை செய்யும். வெறும் 'சென்னை-17'னு இருந்தா அது பழசுன்னு சொல்ல முடியாது, ஏன்னா அஞ்சல் குறியீடு வந்த பிறகும் நிறைய பேர் அப்படியே எழுதிக்கிட்டு இருந்தாங்க. எழுத்தையும் பாருங்க. தும்பிக்கை மாதிரி வளைஞ்ச பழைய 'லை', 'னை' இருந்தா 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சுக்கோப்பா இருக்க வாய்ப்பு அதிகம். பெரியாரோட வெளியீடுகள் இதுக்கு விலக்கு, அங்கே 1930-கள்லயே புது எழுத்து வந்தாச்சு. பழைய பக்கத்தை அப்படியே படம் எடுத்து ஆஃப்செட்ல அடிச்ச மறுபதிப்பும் விலக்கு. எழுத்து பழசா இருக்கும், காகிதம் பளபளன்னு இருக்கும். காகிதத்துக்கு வயசு ஆகாம எழுத்துக்கு மட்டும் வயசாகாது.

இப்போ காகிதம். புத்தகத்தோட பிரேக்குன்னா அது இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவுல இருந்து காகிதம் மரக்கூழ்ல வர ஆரம்பிச்சது. மலிவுக் காகிதத்துல மரத்தோட லிக்னின் அப்படியே இருக்கும், மை பரவாம இருக்கப் படிகாரம் சேர்ப்பாங்க. அதனால காகிதத்துக்குள்ளேயே அமிலம். வெளியில இருந்து யாரும் ஒன்னும் பண்ண வேண்டாம், தானாவே தன்னைத் தின்னுக்கும். வெளிச்சமும் சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். நியூஸ்பேப்பரை ரெண்டு நாள் வெயில்ல போட்டா மஞ்சளாகுதே, அதுவேதான் மெதுவா நடக்குது.

புத்தகம் எந்த ஊர்ல வளர்ந்ததுன்னு கேட்கிறது அதனாலதான். சென்னைல கடலோரக் காத்து. ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து இருந்தா பூஞ்சை பிடிக்கும், காகிதத்துல பழுப்புப் புள்ளி வரும், பின் துருப்பிடிச்சு சுத்தியும் காகிதத்தைத் தின்னும். தொப்பூர், தர்மபுரி பக்கம் காத்து அவ்வளவு ஈரம் இல்லை. ஆனா இங்கே புத்தகம் இருக்கிற இடம் பெரும்பாலும் பரண். மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஏப்ரல், மே மாசத்துல அங்கே கை வைக்க முடியாது. அதனால சென்னைப் புத்தகம் வாசம் அடிக்கும், நம்ம பரண் புத்தகம் அப்பளம் மாதிரி நொறுங்கும். ரெண்டுக்கும் போட்டோல ஒரே மஞ்சள் கலர்தான் தெரியும்.

நொறுங்குமான்னு எப்படிப் பார்க்கிறது? தயவு செஞ்சு மூலையை மடிச்சுப் பார்க்காதீங்க. கறுப்புத் துணி ஒன்னு விரிச்சு அது மேல புத்தகத்தை வெச்சு, பத்துப் பக்கம் மெதுவா புரட்டுங்க. எடுத்தப்புறம் துணியில மஞ்சள் துகள் எவ்வளவு விழுந்திருக்குன்னு பாருங்க. ஒன்னும் இல்லைன்னா ரொம்ப நாள் வரும். ஓரத்துத் துகள் மட்டும்னா கவனமா படிக்கலாம். தையல் பக்கத்துல இருந்து துண்டு துண்டா விழுந்தா, அதை முதல்ல ஸ்கேன் பண்ணுங்க, அப்புறம் படிங்க. ஆன்லைன்ல வாங்குறீங்கன்னா விக்கிறவரையே இப்படிப் பண்ணி வீடியோ எடுக்கச் சொல்லுங்க. முப்பது செகண்ட் வீடியோவுல புரட்டுற சத்தமும் கேட்கும். நல்ல காகிதம் மெத்துனு புரளும், நொறுங்குற காகிதம் சடசடக்கும்.

பூச்சி விஷயத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். அட்டையில இருந்து அட்டை வரைக்கும் நேர்கோட்டுல துளை போடுற பூச்சிக்கு நம்ம மொழியில இராமபாணம்னு பேர். இதை விட நல்ல பேர் யாரும் வைக்க முடியாது. துளை இருக்கிறது பிரச்சினை இல்லை. துளையில இருந்து மாவு மாதிரி தூள் புதுசா கொட்டினா உள்ளே ஆள் இன்னும் இருக்குன்னு அர்த்தம். அந்தப் புத்தகத்தை உங்க அலமாரியில வைக்காதீங்க. பாலிதீன் கவர்ல காத்துப் புகாம கட்டி, மைனஸ் 20 டிகிரி போற டீப் ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க. எடுத்ததும் கவரைப் பிரிக்காம ஒரு நாள் வெளியில விடுங்க. அந்தக் காலத்து பைண்டர்கள் மைதாப் பசையில மயில்துத்தம் கலந்தாங்க, பூச்சி வராம இருக்க. அவங்களுக்கு இருந்த அக்கறை நிறைய ஆன்லைன் விற்பனையாளர்களுக்கு இல்லை.

இந்தப் பெயின்ட் வேலைக்கு வருவோம். செலோடேப். லேமினேஷன். ஓரம் வெட்டி 'ஃப்ரெஷ்' ஆக்குறது. மூணும் குத்தம்தான். டேப்போட பசை கொஞ்ச வருஷத்துல மஞ்சளாகி காகிதத்துக்குள்ள இறங்கிடும். பிளாஸ்டிக் உரிஞ்சு விழுந்தாலும் கறை போகாது. அட்டையை லேமினேட் பண்ணா அதைத் திரும்ப எடுக்கவே முடியாது. கிழிசலை மாவுப் பசையும் மெல்லிசு ஜப்பானியத் தாளும் வெச்சு ஒட்டுறதுதான் நூலகப் பராமரிப்பாளர்கள் செய்ற முறை. காரணம் ரொம்ப எளிமை: தேவைப்பட்டா தண்ணி தொட்டு எடுத்துடலாம். எங்க ஃபீல்டுல சொல்ற மாதிரி, ரோல்பேக் இல்லாத மாற்றத்தை புரொடக்‌ஷன்ல பண்ணக் கூடாது. அதனால டேப் ஒட்டின பிரதியும் கிழிஞ்ச பிரதியும் ஒரே விலைன்னா நான் கிழிஞ்சதைத்தான் எடுப்பேன்.

ஊதா நிற நூலக முத்திரை இருந்தா 'நீக்கம் செய்யப்பட்டது'ன்னு எங்கேயாவது போட்டிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அது யாரோ திருப்பித் தராத புத்தகமா இருக்கலாம். அந்தப் பிரதி எவ்வளவு அரிதா இருந்தாலும் நான் கை வைக்க மாட்டேன். வாடகை நூலகத்து முத்திரை வேற கதை. அந்தக் கடைகள் நிறைய மூடிப் போச்சு, புத்தகங்களை வித்துட்டாங்க. அந்த முத்திரையும் பின்னாடி இருக்கிற தேதி வரிசையும் எனக்குக் கறையா தெரியறதில்லை.

மூலையை மடிச்சுப் பார்க்காதீங்கன்னு சொன்னேன் இல்லையா, அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு. அமெரிக்க நூலகங்கள்ல புத்தகத்தோட ஆயுளைக் கணிக்க இதே சோதனையைத்தான் பண்ணாங்க. பக்கத்தோட மூலையை முன்னும் பின்னும் மடிக்கிறது, சில தடவைக்குள்ள உடைஞ்சா அந்தப் புத்தகம் 'நொறுங்கும் நிலை'. அப்படி முத்திரை குத்தி மைக்ரோஃபிலிம் எடுத்துட்டு, நிறைய அசல் புத்தகங்களையும் செய்தித்தாள் தொகுப்புகளையும் தூக்கிப் போட்டுட்டாங்க. நிக்கல்சன் பேக்கர்னு ஒரு நாவலாசிரியர் 2001-ல இதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். அவர் கேட்டது ஒரு சாதாரணக் கேள்வி. யார் புத்தகத்தை மூலையை மடிச்சு மடிச்சுப் படிக்கிறாங்க? புரட்டித்தானே படிக்கிறாங்க? மடிச்சா உடையுற பக்கத்தையே அவர் எடுத்து திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தார், அது தாங்கிச்சு. நூலகர்கள் பக்கம் அவருக்குக் கடுமையான பதிலும் வந்தது. இடம், செலவு எல்லாம் அவங்களுக்கும் நிஜமான பிரச்சினைதான். ஆனாலும் தப்பான டெஸ்ட் கேஸை எழுதிட்டு, ஃபெயில் ஆனதையெல்லாம் டெலீட் பண்ணின கதை அது.

நம்ம ஊர்ல அந்த டெஸ்ட்டும் கிடையாது. பழைய பேப்பர் கடைத் தராசுதான் டெஸ்ட். அட்டை கிழிஞ்சிருந்தா, மஞ்சளா இருந்தா, கிலோ கணக்கு. இந்த நேரத்துல ரோஜா முத்தையாவை நினைக்காம இருக்க முடியாது. செட்டிநாட்டுக் கோட்டையூர்ல இருந்தவர், தொழில் விளம்பரப் பலகை எழுதுறது. வாழ்நாள் முழுக்கப் பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை மட்டும் இல்லாம நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு யாருமே 'கண்டிஷன்' பார்க்காத காகிதங்களையும் சேர்த்தார். 1992-ல அவர் இறந்தப்போ சுமார் ஒரு லட்சம் உருப்படி இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டுலேயே இருக்கட்டும்னு விட்டது. 1994-ல அவர் பேர்லயே ஆராய்ச்சி நூலகம் வந்தது, இப்போ தரமணியில இருக்கு, நீங்க நேர்ல போய்ப் பார்க்கலாம். அந்தச் சேகரிப்பை 'ஃபைன்', 'வெரி குட்'னு வடிகட்டியிருந்தா அவர்கிட்ட ஒரு அலமாரிகூட நிறைஞ்சிருக்காது.

நீங்க விக்கிற பக்கம் இருந்தா ஒரு வேண்டுகோள். 'நல்ல கண்டிஷன்'னு எழுதுறதை விட்டுடுங்க. இப்படி எழுதிப் பாருங்க: "மொத்தம் 132 பக்கம், எண்ணியாச்சு. பின் அட்டை இல்லை. 45-ஆம் பக்கத்துல பேனாக் கிறுக்கல். ரெண்டு பின்லயும் துரு. புரட்டினா துகள் விழலை. பரண்ல இருந்தது." இதுல ஒரு பெயரடைகூட இல்லை. வாங்குறவர் போன் பண்ணி எதுவும் கேட்க வேண்டியதும் இல்லை.

அடுத்த எபிசோடுல, இப்படி வாங்கின புத்தகத்தை போன் கேமராவுலேயே முதுகு உடைக்காம ஸ்கேன் பண்றது எப்படின்னு பேசலாம். உங்க வீட்டுப் பரண்ல பைண்டிங் தொகுப்பு எதுவும் இருந்தா, தொடர் பேரும் எத்தனை அத்தியாயம் இருக்குன்னும் எழுதி அனுப்புங்க. குறிப்பா மூணாம் பாகம் வெச்சிருக்கிறவங்க. அந்த நாலு அத்தியாயத்துக்கு ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கார்.